கொலை நடந்த கீழ்வீடு

சித்தப்பா எழுதிய ஒரே நாவல் ஒரு பெண்ணின் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு தொடங்கும். அடுத்து, பக்கத்து வீட்டுக்காரியின் வாக்குமூலம். பிறகு ஆய்வாளரின் குறிப்பு. ஒன்றுகூட நிஜமில்லை. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு, ஷிப்டு முடிந்து வந்து, மனிதர் அத்தனையையும் இட்டுக்கட்டினார். படித்தால் சத்தியமாக நடந்ததென்றே தோன்றும். அவ்வளவு பொல்லாத எழுத்து!

வம்பு எங்கே வந்தது என்றால், கொலைக்கு அவர் தங்கள் பிளாக்கிலேயே பூட்டிக் கிடந்த கீழ்வீட்டைத் தேர்ந்தெடுத்ததில்தான். ஆளில்லாத வீடு, யார் மனமும் புண்படாது என்ற நல்லெண்ணம். ஆனால் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு வீட்டு எண்தான் எல்லாமே. ஆளின் பெயரைவிட அதுதான் வாயில் வரும். அந்த எண்ணை மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டார். புத்தகம் வந்த பிறகு, அந்த வாசலைத் தாண்டும்போது பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். கதைதான் என்று சொன்னால், "அண்ணாத்தே, போலீஸ் ரிப்போர்ட்டே போட்டுகீறீங்க, எங்ககிட்டயே மறைக்கிறீங்களே" என்றார்கள்.

கடைசியில் அந்த வீடு சித்தப்பாவுக்கே ஒதுக்கீடானது. சித்திக்கு மூட்டு தேய்ந்திருந்தது. மூன்றாம் மாடியிலிருந்த தங்கள் வீட்டுக்குப் போவதற்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து அழுவாள். கீழ்வீடு கேட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். வேண்டாமென்றால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். சித்தப்பா ஓய்வு பெறுவதற்குள் இன்னொன்று கிடைக்காது.

சாமான் இறக்க நானும் போயிருந்தேன். சித்தப்பா வாசலோடு நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாயா நின்னுகினு கீறே? நீ எழுதுனதுதானே?" என்றாள் சித்தி.

"மத்தவங்களுக்குத்தான்டி அது கதை. அவ எப்டி விழுந்தான்னு எனக்குத்தான் தெரியும். அந்த அடுப்பாண்டதான். என்னால உள்ள வர முடியாது. ஊட்டத் திருப்பிக் குடுத்துடலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இப்போது கைப்பேசியைத் திறந்தால் ஆளுக்கொரு உண்மைக் கொலையைப் படபடவென்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். சித்தப்பாவால் அப்படிப் போக முடியவில்லை. நாங்கள் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினோம். அவர் அந்தச் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். ஒருத்தியைச் சாகடிக்க உட்கார்ந்து யோசித்தவருக்கு, அவள் பொய் என்று எப்படித் தோன்றும்? அன்று இது எனக்குப் புரியவில்லை. பாவம், பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைத்தேன்.

சித்தி சண்டை போடவில்லை. பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நொண்டி நொண்டி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பால் பொங்கும் வாசனை வந்தது. அப்புறம் அவள் குரல்.

"யோவ், அவ விழுந்த எடத்துலதான் நிக்கிறேன். ஒரு படிகூட ஏறாம வந்து நிக்கிறேன்யா. வந்து பாரு."

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே உள்ளே போனார்.