பரட்டை என்று கூப்பிட்டவர்களுக்கு

மரகதம் போய்விட்டாள் என்ற சேதியை ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து வந்த சம்பான் படகுக்காரன்தான் கொண்டுவந்தான். லான்மடாவ் சந்தை வாசலில் நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். "பரட்டையம்மா காலமாயிட்டாங்க" என்றான். செத்த பிறகு பெயரோடு ஓர் ‘அம்மா’ சேர்ந்திருந்தது. ‘பரட்டை’ போகவில்லை. மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் இடுப்பில் செருகிக்கொண்டு அவன் சம்பானிலேயே ஏறி உட்கார்ந்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பர்மாவுக்குப் பிழைக்க வந்த நம் தமிழர் சங்கத்தார் அனுப்பிய கணக்கப்பிள்ளை எழுதுகிறார். தொடங்கும்போதே ‘பெருமதிப்பிற்குரிய அம்மையார்’ என்று தானாக ஒன்று சேர்த்துக்கொண்டார். வாசித்துக் காட்டச் சொன்னேன். எடுக்கச் சொன்னேன். அவளோடு பழகியவர்களில் மூத்தவன் நான், பதினாறாம் நாள் கூட்டத்தில் வாசிக்க இரண்டு நல்ல வார்த்தை வேண்டும் என்று கேட்டீர்கள். நல்ல வார்த்தை அவளைப் பற்றி இருக்கும். மற்றவை உங்களைப் பற்றி.

டாலாத் துறையில் சோற்றுக்கடை வைத்திருந்த மரகதத்தை எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பாவைத் தெரிந்த தமிழன் இப்போது நான் ஒருவன்தான். ஜுமா என்று பெயர். ஆப்பிரிக்காக் கரையிலிருந்து வந்தவர், கப்பல் அடுப்பில் கரி தள்ளுகிற வேலை. அவர் சிரித்தால் துறை முழுக்கக் கேட்கும். நான் மூட்டை சுமந்த அரிசி மில்லில் உமி தூற்றிக்கொண்டிருந்த அஞ்சலையைக் கட்டிக்கொண்டார். மகள் நடக்கத் தொடங்கும் முன்பே ஒரு கப்பலில் போனார். காய்ச்சல் கண்டு கடலிலேயே இறந்துவிட்டார் என்று சேதி வந்தது. அவர் விட்டுப்போனது மகளின் தலையில் இருந்தது. நெருக்கமாக, சின்னச் சின்னச் சுருளாக, அப்படி ஒரு கறுப்பு. மழை பெய்தால் நம் தலையெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிள்ளையின் தலையில் மழை மணிமணியாக மேலேயே நிற்கும்.

அதைச் சும்மா விட்டீர்களா?

நம் பெண்களுக்குத் தலை என்றால் எண்ணெய் வழிய வேண்டும், வகிடு தெரிய வேண்டும், பின்னல் முதுகில் விழ வேண்டும். முதுகில் விழாத முடி அவர்கள் கணக்கில் முடியே இல்லை. அஞ்சலை ஊர் வாய்க்குப் பயந்தவள். வெள்ளிக்கிழமை ஆனால் பிள்ளையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, காய்ந்த முடியில் நல்லெண்ணெயை ஊற்றி ஈருளிச் சீப்பால் இழுப்பாள். ஒருத்தி தலையைப் பிடிப்பாள், இன்னொருத்தி காலைப் பிடிப்பாள். முடியும் அறுந்தது, ஈருளியும் உடைந்தது. அந்த அலறலுக்கு மில் வரிசையில் படுத்திருந்த நாய்கூட எழுந்து போகும். மனுஷர் போகவில்லை, வேடிக்கை பார்த்தார்கள். நம்மையெல்லாம் ஊரிலிருந்து கூலிக்குக் கூட்டிவந்த மேஸ்திரியின் மனைவி, நீங்கள் இன்றைக்கும் எழுந்து கும்பிடுகிற மேஸ்திரியம்மா, வாசலில் நின்று சொன்னாள்: "காப்பிரி முடி கம்பி முடி. சீப்பு எதுக்கு, கொல்லன்கிட்ட அனுப்பு." சிரித்தவர்களில் இரண்டு பேர் இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியும்.

பிறகு சீப்பையும் விட்டுவிட்டார்கள். இரண்டு விரல் வளர்ந்தால் மொட்டை. மறுபடி வளர்ந்தால் மறுபடி மொட்டை.

இதை நிறுத்தியது தமிழர் யாரும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பர்மாக்காரி மா ஷ்வே. பர்மாவில் வயதானவளை டோ என்பார்கள்; இப்போது கூன் விழுந்து டோ ஷ்வே ஆகிவிட்டாள். தயோ என்று ஒரு மரப்பட்டை உண்டு, ஊறவைத்து அடித்தால் வெண்டைக்காய்ச் சாறு மாதிரி வழவழவென்று வரும். அதோடு சீயக்காயை வேகவைத்துக் கலந்துதான் பர்மாப் பெண்கள் தலை முழுகுகிறார்கள். அப்படி ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி வந்து, அஞ்சலையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையைத் தொட்டிப் பக்கம் உட்காரவைத்தாள். முழுக்க நனைத்து, விரலாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். சிக்கு வழுக்கிக்கொண்டு விட்டது. பிள்ளை அழவில்லை. தண்ணீரைக் கையால் அடித்து விளையாடியது. அதைப் பார்த்து அஞ்சலைதான் அழுதாள்.

அதற்கப்புறம் அந்தத் தலையில் கத்தி படவில்லை. வளர்ந்து பெரியவளான பிறகு மரகதம் அதை மறைக்கவும் இல்லை, ஒடுக்கவும் இல்லை. தோள் அகலத்துக்கு நிற்கும். படாவு என்று நம் ஊர் வேங்கைப் பூ மாதிரி ஒரு மஞ்சள் பூ, சித்திரையில் முதல் மழைக்குப் பூக்குமே, அதை ஒரு கொத்து அப்படியே செருகுவாள். நார் வேண்டாம், ஊசி வேண்டாம். வைத்த இடத்தில் நிற்கும். என்ன பக்குவம் செய்கிறாய் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்னது எனக்கு மனப்பாடம்: "ஈரத்துல விரலால பிரி. காஞ்சப்புறம் நோண்டாத. ரெண்டு சொட்டு எண்ணெய் போதும். படுக்கறப்ப துணியில கட்டு. அப்புறம் அது பாட்டுக்கு இருக்கும், நீ உன் வேலையப் பாரு." கடைசிச் சொல் கேட்டவர்களுக்குச் சேர்த்துச் சொன்னது.

பெண் பார்க்க ஒரே ஒரு தடவை வந்தார்கள். முக்காடு போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். அவள் முக்காடு இல்லாமல் காபியோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அக்காள், கல்யாணத்துக்குள் தலையை ஏதாவது செய்துவிடலாம் இல்லையா என்று கேட்டாளாம். "உங்க தம்பிக்கு முன்வழுக்கை விழுதே, அதையும் அதுக்குள்ள ஏதாவது செஞ்சிடுங்க" என்று சொல்லி டம்ளர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் காபி குடிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் வரவும் இல்லை.

எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போனது என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அவள் மீன்குழம்பில் புளி தூக்கல் என்று நான் சொல்வேன், என் நாக்கில்தான் புளிப்பு என்று அவள் சொல்வாள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவன் நான், ஒரு நாள் மரியாதை கொடுத்ததில்லை. "ஏ ராக்கண்ணே, தின்னுட்டு எழுந்திரு, உட்கார எடம் இல்ல" என்பாள். கடையில் ஒருவன், முடியை மூடு, சோற்றில் விழும் என்றான். அவனுக்கு அவள் சொன்ன பதிலில் பந்தியே புரை ஏறி இருமியது. "என் முடி விழுந்தா சுருண்டு கிடக்கும், பார்த்து எடுத்துடலாம். உன் பெண்டாட்டி முடி இடியாப்பத்தோட உள்ள போயிடும்." விளையாட்டுக்குத் தொட்டுப் பார்க்க வந்தவன் கையில் கரண்டியால் அடித்திருக்கிறாள். "என் தலையத் தொட டோ ஷ்வேயத் தவிர ஒருத்தருக்கும் உத்தரவு இல்ல" என்பாள். அடி வாங்கியவன் நான் இல்லை. நான் தொட்டதில்லை.

நீங்கள் இப்போது பேசாமல் மறைக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மழைக்காலத்தில் மரகதம் காய்ச்சலில் விழுந்தாள். நெடுநாள் பாயிலிருந்து எழவில்லை. அஞ்சலை அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டாள். டோ ஷ்வே அப்போது மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள், தலைக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை. முடி கெட்டிப்பட்டுத் திரிதிரியாகத் தொங்கியது. கஞ்சி கொடுக்க வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரியம்மாவிடம் ஓடினாள். மேஸ்திரியம்மா வந்தாள், பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மன் சடை இறங்கிவிட்டது என்றாள். சாயங்காலத்துக்குள் வாசலில் வேப்பிலைத் தோரணம். மஞ்சள் தண்ணீர், சூடம், உடுக்கை. கொல்லனிடம் அனுப்பச் சொன்ன வாய் ‘தாயே, குறை சொல்லு தாயே’ என்று அவள் கால்மாட்டில் கிடந்தது. கோவிலுக்குப் பக்கத்தில் குடிசை போட்டு உட்காரவைப்பது, செவ்வாய் வெள்ளி குறி சொல்லவைப்பது என்று மேஸ்திரி பேசி முடித்துவிட்டார். எத்தனை வருஷம் பழித்த தலை. ஒரே நாளில் கும்பிடுகிற தலை ஆகிவிட்டது. தலை என்னவோ அதேதான்.

அவள் சும்மா இருந்திருந்தால் போதும். காலம் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம், ஒருத்தர் பரட்டை என்றிருக்க மாட்டீர்கள். பாயில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "ராக்கண்ணே, டோ ஷ்வே வீட்டு இறவாணத்துல தயோப்பட்டை காயுது. ஊறப்போட்டுக் கொண்டா" என்றாள். கொண்டுபோனேன். உடுக்கை அடித்துக்கொண்டிருக்கும்போதே பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒவ்வொரு திரியாக விரலை விட்டுப் பிரித்தாள். நேரம் ஆனது. பலம் இல்லாமல் இடையில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள், மறுபடி பிரித்தாள். உடுக்கை நின்றது. சடை முழுக்கச் சுருளாகிவிட்டது.

"அம்மன் கோவில்ல இருக்கா. அங்க போயிக் கும்பிடுங்க. இது சிக்கு" என்றாள்.

அதை நீங்கள் மன்னிக்கவே இல்லை. பழித்தபோது தலை குனியாதது உங்களுக்கு ஒரு குற்றம். கும்பிட்டபோது ஏற்றுக்கொள்ளாதது அதைவிடப் பெரிய குற்றம். அம்மனை அவமதித்துவிட்டாள் என்றீர்கள். தீமிதி அன்று எல்லார் முன்னாலும் மொட்டை போட்டு மன்னிப்புக் கேட்டால்தான் அவள் கடையில் கை நனைப்போம் என்று கூடிப் பேசி ஆள் அனுப்பினீர்கள். அந்த ஆளிடம் அவள் சத்தம் போடவில்லை. "மொட்டை போட்டுத்தான் என்னை வளத்தீங்க. அது போதும்" என்றாள். கடை வெறிச்சோடியது. பர்மாப் படகுக்காரர்களும் சட்டகிராமத்து லஸ்கர் மாலுமிகளும் சாப்பிட்டதால் அடுப்பு அணையவில்லை. பிற்பாடு நீங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தீர்கள். மனசு மாறி வரவில்லை, நாக்கு கேட்கவில்லை. புளி தூக்கல் என்று சொல்லிக்கொண்டே நான் ஒருவன் நடுவில் விடாமல் சாப்பிட்டேன்.

இப்போது கடைசி நாள். நான் சம்பானை விட்டு இறங்கிப் போனபோது அவளை வாசல் பலகையில் கிடத்தியிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தின்கன்ஜூனில் வீடு கட்டிக்கொண்டு போன மேஸ்திரியம்மா வண்டியும் சம்பானும் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மருமகள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். காய்ந்த முடியில் கிண்ணம் கிண்ணமாக எண்ணெயை ஊற்றிச் சீப்பால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அடங்காத இடத்தைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலும் பக்கத்தில் இருந்தது. கடைசியிலாவது லட்சணமாக அனுப்ப வேண்டுமாம். பலகையின் மேல் அந்தத் தலை இழுத்த இழுப்புக்கு ஆடியது.

"நிறுத்துங்கம்மா" என்றேன்.

"ஏன்? இனிமே அவளுக்கு வலிக்கவா போகுது?" என்றாள்.

"வலிச்சப்பவும் நீங்க நிறுத்தலையே."

நிறுத்தவில்லை. எனக்கு உடம்பில் பழைய தெம்பு இருந்தால் கையைப் பிடித்திருப்பேன். வேலியைச் சுற்றிப் போய் டோ ஷ்வேயிடம் சொன்னேன். நான் சொல்லும் முன்பே பானையில் பட்டை ஊறிக்கொண்டிருந்தது. கூன் முதுகோடு வந்தாள். மேஸ்திரியம்மா கையிலிருந்து சீப்பை வாங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள், உங்கள் எண்ணெயையெல்லாம் கழுவினாள், விரலால் பிரித்துவிட்டாள். இத்தனை ஆம்பிளைகள் நின்றீர்கள், ஒருவரும் தடுக்கவில்லை. காய்ந்ததும் தலை எழுந்து நின்றது. மரகதம் மறுபடி மரகதம் மாதிரியே ஆகிவிட்டாள். முதல் மழை பெய்து மூன்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. டோ ஷ்வே ஒரு கொத்துப் படாவுப் பூவைச் செருகினாள்.

பிறகு நம் வழக்கப்படி ஆளுக்கொரு விரல் எண்ணெயும் அரப்பும் தலையில் வைக்க வரிசையில் நின்றீர்கள். உயிரோடு இருந்தபோது கரண்டி அடிக்குப் பயந்த கைகள் எல்லாம் தைரியமாக வந்து தொட்டன. என் முறை வந்தது. நான் அவள் காலில் வைத்தேன். தலையில் வைக்க வேண்டும் பெரியவரே, காலில் வைக்கிற வழக்கம் இல்லை என்று ஒருவர் சொன்னார். வழக்கம் இல்லைதான். எனக்கு உத்தரவும் இல்லை.

பாடையைத் தூக்கியபோது ஒரு பக்கம் சாய்ந்தது. சங்கத்து மாலை சரிந்து கீழே விழுந்தது. அந்தப் பூ அசையவில்லை.

அவளிடமிருந்து எதை வைத்துக்கொண்டீர்கள் என்று கணக்கப்பிள்ளை கேட்கிறார். கடைசியில் அதைச் சொல்லி முடிப்பதுதான் முறையாம். அவள் கடைப் பாத்திரங்களை டோ ஷ்வே மகள் எடுத்துக்கொண்டாள். அது சரிதான். நீங்கள் அவளுக்கு வைத்த அந்தப் பெயர் எனக்குப் போதும். இத்தனை வருஷம் டாலாத் துறையில் யார் ‘பரட்டை’ என்று கூப்பிட்டாலும் கரண்டியோடு திரும்பிப் பார்க்க அவள் இருந்தாள். இனிமேல் கூப்பிட்டுப் பாருங்கள். நான் திரும்புகிறேன்.