அசனம் முடியட்டும்

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். தென்காசியில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்த பெண்கள் யார் இறந்தாலும், துக்கமணி அடித்து ஓய்வதற்குள் ஒரு துணிப்பையோடு கிளம்பிவிடுவாள். பைக்குள் சோப்பு, சீப்பு, பவுடர் டப்பா, வெள்ளைச் சேலை. குளிப்பாட்டி, தலைவாரி, உடுத்திப் பெட்டியில் வைக்கும்வரை வேறு யாரையும் தொடவிட மாட்டாள். வயசான ஆச்சிமார் அவளைத் தெருவில் கண்டாலே, "ஏட்டி, எனக்கு இன்னும் நாள் கெடக்கு, போயிட்டு வா" என்று கேலி செய்வார்கள்.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த தாத்தாவைப் புரட்டிப் படுக்கவைப்பது முதல் எங்களுக்குச் சோறு கட்டுவதுவரை அத்தைதான். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியிலும் அவள்தான் டீச்சர். கொடுத்த வாக்கை உயிரே போனாலும் மீறக்கூடாது என்று எங்களுக்கு நெட்டுருப் போட வைத்திருந்தாள்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், சாரல் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, என்னை மட்டும் குற்றாலத்துக்கு அழைத்துப் போனாள். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் உட்காரவைத்து எனக்கு எண்ணெய் தேய்த்தாள். நானும் உனக்குத் தேய்ப்பேன் என்று அடம்பிடித்தேன். முதுகில் தேய்த்த கை வழுக்கி அக்குளுக்குள் போனது. தோலுக்கடியில் நெல்லிக்காய் அளவில் கல்போல ஒன்று தட்டுப்பட்டது. அத்தை துடித்துப்போய் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"என்னத்தை இது?"

"சத்தம் போடாதட்டி. அசனம் முடியட்டும், நானே ஆஸ்பத்திரிக்குப் போயிருதேன். அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லப்படாது. வாக்குக் குடு."

ஈரக் கையில் ஈரக் கையை வைத்து வாக்குக் கொடுத்தேன். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது பெரிய பதவி கிடைத்தது போலிருந்தது.

அசனம் என்பது எங்கள் கோயிலின் சமபந்தி விருந்து. பாவூர்சத்திரத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்த காய்களை விடியவிடியப் பெண்கள் நறுக்க, அத்தை அவர்களை மேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு காதோரம் போய்க் கேட்டேன்.

"போறேன்ட்டி. நான் படுத்துட்டா தாத்தாவ யாரு பாக்கது?"

பிறகு கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். இன்றும் யாராவது நெல்லிக்காயை நீட்டினால் கை கூசுகிறது.

பொங்கல் சமயத்தில் கோயிலிலேயே மயங்கி விழுந்தாள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலம் முடியும் முன்னே துக்கமணி அவளுக்காக அடித்தது. ஊரில் அத்தனை பெண்களைக் குளிப்பாட்டியவளைக் குளிப்பாட்ட யார் முன்வருவது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அம்மாதான் அந்தத் துணிப்பையை எடுத்தாள்.

தண்ணீர் கொண்டுவர மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். நான் பவுடர் டப்பாவோடு நின்றேன். அம்மா அத்தையின் கையைத் தூக்கித் துடைத்தபடி அழுதாள்.

"ஆறு மாசத்துக்கு முந்தித் தெரிஞ்சிருந்தா பொழைக்க வச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரே, மைனி. யார்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லலியே."

அத்தையைப் பற்றி அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்கிட்ட சொன்னாங்கம்மா. குத்தாலத்துலயே சொன்னாங்க. நான்தான் யார்ட்டயும் சொல்லல."

அம்மா என்னைத் தட்டிக்கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் துணியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து என் வாயைப் பொத்தினாள்.

"இத அப்பாட்ட சொல்லிராத. யார்ட்டயுமே சொல்லிராத."

தலையை ஆட்டினேன். அத்தை தன்னிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னதில் அம்மாவுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.