முதலிடத்துக்காரன் வீட்டுக் கடா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் நகரி ஃபுட்பால் லீக்கின் சாம்பியன் யார் என்பது முடிவாகிவிட்டது. மேட்ச் நடக்கவில்லை. விசில் ஊதவில்லை. பந்துகூட இல்லை. ஒரு வெள்ளாட்டுக் கடா மட்டும் இருந்தது.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

நகரி ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தறிக்கார ஊர். சுற்றுவட்டாரம் முழுக்க கிரிக்கெட். நாங்கள் ஆறு தெருக்காரர்கள் மட்டும் ஃபுட்பால். ஏன் என்று கேட்காதீர்கள், எங்களுக்கே தெரியாது. பொங்கல் முடிந்ததும் லீக் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூல் கிரவுண்டில் மேட்ச். பரிசு கப் அல்ல — கடா. ஆறு தெருவும் சேர்ந்து சீசன் ஆரம்பத்திலேயே வாங்கிவிடுவோம். அதை எங்கே கட்டுவது? முதலிடத்தில் இருக்கும் டீமின் கேப்டன் வீட்டில். தீனியும் அவர் பொறுப்பு. முதலிடம் மாறினால் கடாவும் கயிற்றோடு தெரு மாறும். அதனால் பாயிண்ட் டேபிள் பார்க்க யாரும் போனைத் திறப்பதில்லை. யார் வாசலில் புழுக்கை கிடக்கிறதோ, அவர்தான் லீடர்!

இந்த வருஷம் எல்லோருக்கும் இரண்டு மேட்ச் பாக்கி இருந்தபோது கொரோனா வந்தது. ஊரே பூட்டிக்கொண்டது. அப்போது மேட்டுத்தெரு முதலிடம். ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் கிணற்றுத்தெரு. கடா, மேட்டுத்தெரு கேப்டன் ஏகாம்பரம் அண்ணன் வீட்டில் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டது.

ஏகாம்பரம் அண்ணன் பவர்லூம் ஓட்டுகிறவர். கோல்கீப்பர். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது, முழங்கால் இரண்டும் கெஞ்சுகின்றன. இத்தனை வருஷத்தில் அவர் டீம் ஒரு தடவைகூட லீக்கை ஜெயித்ததில்லை. "இந்த வருசத்தோட நிறுத்திக்கிறேன்பா. ஒரே ஒருவாட்டி ஜெயிச்சிட்டு நிறுத்திக்கிறேன்" என்று சீசன் தொடங்கும்போதே எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

ஆக, சீசனை எப்படி முடிப்பது? வாட்ஸ்அப் குரூப்பில் விவாதம் தொடங்கியது.

"முன்னாடி ஓடிக்கினு இருக்கிறவன்தான் ஃபர்ஸ்ட்டு. நடுவுல மழ வந்து ரேஸ் நின்னா, பின்னாடி வந்தவனுக்கா மெடல் குடுப்பீங்கோ?" — இது ஏகாம்பரம் அண்ணன்.

"அதி காதண்ணா, அது இல்ல! ரெண்டு மேட்ச் பாக்கி கீது. அந்த ரெண்டுலயும் நாங்கோதான் ஜெயிச்சிருப்போம். நாங்கோ ஃபார்ம்ல இருந்தோம்" — இது கிணற்றுத்தெரு கேப்டன் தாமோதரன். செல்போன் கடை வைத்திருப்பவர். கோபம் வந்தால் பாதி தெலுங்கு.

மூன்றாவது இடத்துக்காரர்கள் பெனால்டி ஷூட் அவுட் போதும் என்றார்கள். "அடிக்கிறவனும் தடுக்கிறவனும் தள்ளித்தானே நிக்கிறாங்கோ? மாஸ்க் போட்டுக்கினு அடிக்கலாம், இன்னா தப்பு?" நான்காவது தெரு கேரம் போர்டில் முடித்துக்கொள்ளலாம் என்றது. அவர்களிடம் நல்ல கேரம் பிளேயர் ஒருவர் இருக்கிறார்.

நான் லீக் செக்ரட்டரி. எங்கள் வீட்டில் ஸ்கூல் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கு எங்கள் தெருவில் எல்லா வேலையும் வரும் — கரண்ட் ஆபீஸ் மனுவில் தொடங்கி ஆஃப்சைடு வரைக்கும். எல்லாரும் என் முடிவுக்குக் காத்திருந்தார்கள். நானும் பொறுப்போடு நிறைய படித்தேன், யோசித்தேன். சீசனை மொத்தமாக ரத்து செய்வதுதான் மனிதாபிமானம் என்ற முடிவுக்கு வந்தேன். எங்கள் தெரு கடைசி இடத்தில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசி இடத்துக்காரர்கள்தான் அடுத்த வருஷம் கிரவுண்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும் என்பதற்கும் சம்பந்தமில்லை.

"லண்டன்ல இன்னா பண்றாங்கோன்னு பாரு" என்றார் எங்கள் நைனா. பார்த்தேன். அங்கே பெரிய ஃபுட்பால் லீக்கிலும் இதே சண்டை. முதலிடம் முடித்துவிடு என்கிறது, கடைசி இடம் ரத்து செய் என்கிறது. நைனாவுக்கு ரொம்ப திருப்தி. "பரவால்ல, நம்மள மாதிரிதான் கீறாங்கோ."

இதற்குள் தறிகள் நின்றுவிட்டன. நூல் வரவில்லை, நெய்த துணி போகவில்லை. ஏகாம்பரம் அண்ணன் வீட்டில் ரேஷன் அரிசிதான். ஆனால் கடாவுக்கு ஊரடங்கு தெரியுமா? மலைப்பக்கம் ஓட்டிப்போனால் போலீஸ் விரட்டியது. நல்லவேளை, காய்கறி விற்கும் ரைத்து பஜாரை, அதாவது உழவர் சந்தையை, ஸ்கூல் கிரவுண்டுக்கு மாற்றியிருந்தார்கள். அண்ணன் தினமும் கோல் போஸ்ட் பக்கம் போய், விழுந்து கிடக்கும் காலிஃபிளவர் தழையைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அவர் பாய்ந்து பாய்ந்து பந்து பிடித்த அதே இடம்.

ஒருநாள் குரூப்பில் போட்டார். "எல்லாத் தெருவும் கொஞ்சம் கொஞ்சம் தழை குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

விடிந்தால் நூறு மெசேஜ் வரும் குரூப். அன்றைக்கு மயான அமைதி. கடைசியில் தாமோதரன் மட்டும் பதில் போட்டார். "ரூல்படி லீடர்தான் தீனி போடணும்ணா."

கவனித்தீர்களா? பரிசு என்று வந்தால் அண்ணன் லீடர் இல்லை. தீனி என்று வந்தால் லீடர்!

வேண்டாம் என்று கடாவைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கயிற்றை விட்டால் முதலிடத்தை விட்ட மாதிரி. அண்ணன் விடவில்லை. கஷ்டப்பட்டது அவர் மனைவி செல்வி அண்ணி. தழை வெட்டுவது, தண்ணீர் காட்டுவது, கொடியில் காயும் துணியைக் காப்பாற்றுவது எல்லாம் அவர்தான். போன சனிக்கிழமை அது அண்ணனின் ஜெர்சியைத் தின்றுவிட்டது. முதுகு நம்பர் மட்டும் மிச்சம்.

மறுநாள் காலை. காய் வாங்கப் போன நான் பார்க்கிறேன் — செல்வி அண்ணி முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கடாவை இழுத்துக்கொண்டு போகிறார். பின்னால் அண்ணன், நொண்டியபடி. "நில்லுமே! சொன்னா கேளுமே!"

நேராக தாமோதரன் வீட்டு வாசல். மனிதர் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்.

"இன்னாப்பா தாமோதரா, ரெண்டு மேட்ச் நடந்திருந்தா நீங்கோதான் ஜெயிச்சிருப்பீங்களாமே? சரி, ஜெயிச்சிட்டன்னே வெச்சிக்கோ. இந்தா கயிறு" என்றார் அண்ணி.

உள்ளேயிருந்து தாமோதரன் சம்சாரத்தின் குரல் வந்தது. "அது உள்ள வந்துச்சின்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன்!"

"பஸ்ஸே ஓடல, எப்படி போவே?" என்று முனகினார் தாமோதரன். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, குழைந்தார். "வதினா... டேபிள் இன்னா சொல்லுது? அண்ணன் டீம்தானே ஃபர்ஸ்ட்டு? ஃபர்ஸ்ட்டுன்னா ஃபர்ஸ்ட்டுதான், அந்தே, அவ்ளோதான்!"

"அப்ப சாம்பியன் யாரு?"

"ஏகாம்பரண்ணாதான்!"

"என்கிட்ட சொன்னா ஆச்சா? போன்ல சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

வாயில் நுரையோடு தாமோதரன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அவ்வளவுதான். கடா அடுத்து நம் வாசலுக்கோ என்று பயந்த மூன்றாவது தெரு உடனே கட்டைவிரல் காட்டியது. கேரம் கோஷ்டியும் ஐந்தாவது தெருவும் காட்டின. மனிதாபிமானியான நானும் காட்டினேன். இரண்டு மாதமாக முடியாத விவாதம், இட்லி வேகும் நேரத்தில் ஏகமனதாக முடிந்தது.

எனக்கு அன்று ஒன்று புரிந்தது. நியாயம் என்று ஒருவர் பேசினால், டேபிளில் அவர் இடம் எது என்று பாருங்கள். அப்புறம், அவர் வாசலில் ஒரு கடாவைக் கட்டிப் பாருங்கள்.

ஏகாம்பரம் அண்ணன் மட்டும் சந்தோஷப்படவில்லை. நடுத்தெருவில் நின்று என்னைக் கேட்டார். "தம்பி, விளையாடாம ஜெயிச்சது... ஜெயிச்சதுல சேருமா?"

இவ்வளவு படித்த நான் போனைத் திறந்து பாயிண்ட் டேபிளைத் தேடினேன். அண்ணிதான் சொன்னார்.

"நீ விளையாடல, சரி. எத்தினி நாளு இதுக்குத் தழை வெட்டிப் போட்டிருப்பேன்? எத்தினி துணிய இதுங்கிட்டர்ந்து புடுங்கியிருப்பேன்? ஜெயிச்சது நானு. நீ என் டீமு. வா, வூட்டுக்குப் போலாம்."

அண்ணன் சிரித்தார். பெனால்டியைத் தடுத்தால் சிரிக்கும் அதே சிரிப்பு. கடாவின் கயிற்றை அண்ணி கையிலிருந்து வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

சாயந்திரம் தாமோதரன் குரூப்பில் போட்டார். "சாம்பியனுக்கு வாழ்த்துகள். கறி எப்போ?"

அண்ணன் பதில் போட்டார். "செல்வியக் கேளுங்கோ."

இதை எழுதும் இந்த நிமிஷம் வரை, அண்ணியிடம் போய் அதைக் கேட்க ஆறு தெருவிலும் ஓர் ஆள் கிடைக்கவில்லை!