படம் பார்த்துச் சிரிக்காத தட்டெழுத்தாளர்

திருகோணமலைத் துறைமுக அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்த அந்த அக்காவோடு, திரைப்படக் கழகம் ஒன்று மண்டபத்தில் காட்டிய ஓர் இத்தாலியக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்த அன்றுதான் முதலில் பேசினேன். வேலைவெட்டி இல்லாத இளைஞர்கள் வீட்டாரின் உழைப்பில் ஊர்சுற்றும் கதை அது. அதே நிலையில் இருந்த நானும் நண்பர்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். கார்பன் மை படிந்த விரல்களைக் கோத்தபடி தனியாக இருந்த அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும், "படம் பிடிக்கேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"நல்ல படம் தம்பி. ஆனா எனக்கும் வீட்டில ரெண்டு அண்ணன்மார் இருக்கினம். அவைக்குச் சோறு போடுறது நான்தான்."

அடுத்த மாதமே கொழும்புக்கு மாற்றம் கேட்டு வாங்கிவிட்டார். ரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்றவரைக் கண்டு, "அண்ணன்மார் என்ன செய்வினம்?" என்றேன்.

"பசிச்சா வேலை தேடுவினம்," என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அவரைப் போலப் பெட்டியைத் தூக்க எனக்கு மேலும் இரண்டு வருடம் பிடித்தது.