எங்கள் வீட்டின் மூன்று கதவுகள்

மந்தைவெளியில் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்பா கூரையை அப்படிக் கட்டியிருந்தார். பூசாத கான்கிரீட். நடுவில் நீளமாக ஒரு பிளவு. அதன் வழியே விழும் வெயில் காலையில் ஒரு சுவரிலும் சாயங்காலம் இன்னொரு சுவரிலும் ஏறும். "அடேங்கப்பா" என்பார்கள். இந்த வீட்டில் அம்மா எங்கே புடவை மாற்றுகிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு மொத்தம் மூன்றே கதவுகள். வாசலில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, குளியலறைக்கு ஒன்று. அந்த மூன்றாவதும் அப்பாவின் வரைபடத்தில் இல்லை. அங்கே வளைந்த சுவர் ஒன்றை மட்டும் போட்டு, அது போதும் என்றாராம். மனை அம்மாவுடையது. அவளுடைய அப்பா கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்தது. அந்த உரிமையில் தாத்தா வந்து கத்தியதால் குளியலறைக்காவது கதவு கிடைத்தது.

அப்பா கட்டடக்கலைஞர். கல்லூரியில் பாடமும் நடத்தினார். அவருடைய மேசைக்கு மேலே ஏழெட்டுப் பெரியவர்களின் படங்கள் தொங்கின. ஊதுபத்தி ஏற்றாததுதான் குறை. சுவருக்குப் பதிலாகக் கண்ணாடியை வைத்தவர் ஒருவர். வீட்டைத் தரையிலிருந்து தூக்கித் தூண்கள் மேல் நிறுத்தியவர் ஒருவர். வெளிச்சமும் செங்கல் மாதிரி ஒரு கட்டுமானப் பொருள்தான் என்று நம்பியவர் இன்னொருவர். செங்கல்லைப் பூசாமல் விட்டவரும் அதில் இருந்தார். அவருக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. சிமெண்ட் மிச்சம், வீடும் சூடாகாது. கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்காரியோடு உட்கார்ந்து, உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்பாராம். அப்பா அவரிடமிருந்து செங்கல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்.

'அறை' என்று சொன்னாலே அப்பாவுக்குக் கோபம் வரும். 'இடம்' என்றுதான் சொல்லவேண்டும். படுக்கும் இடம், சாப்பிடும் இடம். ஓர் இடம் இன்னோர் இடத்துக்குள் கரையவேண்டும், மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளியக்கூடாது என்பார். எங்கள் சுவர்கள் எல்லாம் ஏழடி உயரத்தில் நின்றுவிடும். மேலே கூரை வரைக்கும் காற்று.

"ஏங்க, படுக்கிற இடத்துக்கு ஒரே ஒரு கதவு போட்டுக் குடுங்களேன்" என்று அம்மா கேட்பது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடந்தது. கதவு முடியாதென்றால் திரைச்சீலையாவது கேட்டாள். துணி தொங்கினால் கட்டடத்தின் கோடு உடைந்துவிடும் என்றார். கோடாம், கோடு! அந்தக் கோட்டுக்கு இருந்த மரியாதை அவளுக்கு இல்லை. சாயங்காலங்களில் அவள் குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். தண்ணீர் லாரிக்குத் தெருவே குடத்தோடு நிற்கிற காலத்தில் இது என்ன திமிர் என்று அப்பா கத்துவார். குழாய்ச் சத்தத்துக்குள் அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

நான் மட்டும் என்ன ஒழுங்கா? அப்பா மாதிரியே படிக்கப் போனேன். முதல் வருஷத்திலேயே வாய் நீண்டுவிட்டது. "உனக்கு ஸ்பேஸ்னா என்னன்னே தெரியல அம்மா" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த காயை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் வருவார்கள். அன்று காலையில் கொடியில் துணி கூடாது, அடுப்படியில் எவர்சில்வர் பாத்திரம் தெரியக்கூடாது. எல்லாவற்றையும் அம்மா வாரிக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டுவாள். வீட்டைச் சுற்றிக் காட்டுகிற வேலை எனக்கு. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அம்மாவுக்கு இடது மார்பை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் ஒரு நர்ஸ் தினமும் வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போவார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் மாணவர்கள் வருவதாக இருந்தது.

"இந்த ஒரு வாரம் வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் அம்மா.

"ரயில் ஏறிட்டாங்க. அவங்க கட்டடத்தப் பாக்க வராங்க. உன்ன யாரு பாக்கப்போறா?" என்றார் அப்பா.

பதினோரு மணிக்கு நர்ஸ் வருவார் என்று எனக்குத் தெரியும். அன்று பேச்சு சுவாரசியத்தில் மணியைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, "இங்க பாருங்க, இந்த இடம் அடுத்த இடத்துக்குள்ள எப்படிக் கரையுதுன்னு" என்று சொல்லிக்கொண்டே ஏழடிச் சுவரைச் சுற்றி வந்தேன். கட்டிலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை இல்லை. பழைய கட்டை அவிழ்த்தாயிற்று, புதுசு போடவில்லை. மறைத்துக்கொள்ளக் கையைத் தூக்கப் பார்த்தாள். இடது கை வரவில்லை. பையன்கள் சட்டென்று கூரையைப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

அதே வீட்டுக்காக அப்பாவுக்கு ஒரு விருது கிடைத்தது. அதை வாங்க அவர் டெல்லிக்குப் போன அன்று, அம்மா சைதாப்பேட்டையிலிருந்து ஒரு தச்சரைக் கூப்பிட்டாள். அவர் டேப்பை இழுத்து அளந்தார், சுவரைத் தட்டினார், அண்ணாந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா இது, நெலையே இல்ல. தொறப்பு பத்தடி கீது. சொவுரு கூரையத் தொடவே இல்ல. கதவ எதுலம்மா மாட்றது?"

"வேற வழியே இல்லையா?"

"இட்ச்சிட்டு வேற கட்டணும். கோச்சுக்காத, இத கட்ன ஆளு கதவே வெக்கக்கூடாதுன்னு பிளான் பண்ணிக் கட்டிக்கீறாரு."

அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் கதவு கேட்கவே இல்லை.

நான் படிப்பை முடித்துவிட்டு தி.நகர் துணிக்கடைகளுக்கு உள் அலங்கார வேலை செய்யப் போனேன். அப்பாவுக்கு அது கேவலம். "தட்டி அடிக்கிற பொழப்பு" என்றார். ஆமாம், தட்டிதான் அடிக்கிறேன். துணி போட்டுப் பார்க்கிற ஒவ்வோர் அறைக்கும் கதவு வைக்கிறேன், உள்ளே தாழ்ப்பாளும் வைக்கிறேன்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. கட்டிலைக் கூடத்தின் நடுவில், அந்த வெயில் பிளவுக்குக் கீழேயே போட்டோம். உடம்பு துடைக்க, டயப்பர் மாற்ற ஓர் ஆள் காலையும் மாலையும் வருகிறார். நானும் மயிலாப்பூரில் இருக்கிற என் வீட்டிலிருந்து தினமும் போய்வருகிறேன்.

இரண்டு மாதம் முன்பு ஒரு கல்லூரியிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. சாரையும் பார்க்கவேண்டும், வீட்டையும் பார்க்கவேண்டும் என்றார்கள். "வரட்டும்" என்றாள் அம்மா. வேண்டுமென்றே சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். உடம்பு துடைக்கிற ஆள் அப்பாவைப் புரட்டிப் போட்டு, டயப்பரைக் கழற்றியிருந்தார். இருபது பிள்ளைகள், எல்லோர் கையிலும் செல்போன், எல்லோரும் அண்ணாந்து கூரையைப் படம் எடுத்தபடி உள்ளே வந்தார்கள். அப்பாவின் கண் அவர்களையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது.

"கத... கதவ... சாத்து" என்றார்.

அம்மா கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. காபி வேணுமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எந்தக் கதவங்க?"

அவர் அவளையே பார்த்தார். எனக்கு மனசு இளகவில்லை. நன்றாக அனுபவி என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்பை உதறி, இரண்டு கையாலும் அவருக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். அவளுடைய இடது கை தோளுக்கு மேலே போகாது. அந்தப் பக்கம் விரிப்பு சரிந்து, அப்பாவின் தொடை தெரிந்தது. நான் போய் அந்த முனையைப் பிடித்தேன். விரிப்புக்குப் பின்னாலிருந்து அப்பா அழுகிற சத்தம் கேட்டது. கூரை வரைக்கும் தடுப்பே இல்லாத வீடு, எல்லா மூலைக்கும் கேட்டிருக்கும்.

"நான் பாத்துக்கறேன்" என்று அம்மா முனையை என்னிடமிருந்து வாங்கினாள். அதைப் பல்லால் கடித்துக்கொள்வதற்கு முன்னால் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நீ போய் பாத்ரூம் குழாயத் தெறந்துவிடு. முழுசாத் தெற."