புதுப்பட்டி ஆளுக

காலை ஆறு பத்து. விஸ்வநத்தம் விலக்கில் முதலில் கண்ணில் பட்டது ஒரு வேன். ஜன்னல் வழியே தூக்குவாளி பிடித்த கைகள். "ஆள் வண்டி இன்னைக்கு வெள்ளனே வந்துருச்சு" என்றார் டீக்கடைக்காரர்.

ஆட்களைக் கூட்டமாகக் குறிக்கும் சொற்கள் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்பவை. 'கோஷ்டி' மாட்டுத்தொழுவத்திலிருந்து வந்தது. 'ஜமா' அரபி. 'பட்டாளம்' ஐரோப்பியக் கப்பலில் வந்திறங்கியது. 'லோடு' எப்படி வந்தது என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில், இந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஒரே வேன்தான் காலையில் ஆட்களையும் சாயங்காலம் பெட்டிகளையும் ஏற்றியது. கேட்டில் இரண்டுக்கும் ஒரே குரல்: லோடு வந்துருச்சு.

தீபாவளி சீசன் பற்றி எழுத அங்கே போயிருந்தேன். கந்தக வாடையில் தும்மிக்கொண்டே நின்றேன். எம். புதுப்பட்டி வேன் வந்தது.

"லோடை எறக்குலே" என்று டிரைவரிடம் கத்தினார் போர்மேன்.

உள்ளே யாரும் அசையவில்லை. முன்சீட்டிலிருந்த செல்லத்தாய்க்கு முப்பது வயதிருக்கும். "ஆளுகன்னு கூப்பிடுங்க அண்ணாச்சி, எறங்குறோம்."

"சீசன் நேரத்துல வெளையாடாதீக. எறங்கலன்னா நாளைக்கே விஸ்வநத்தத்துல வேற ஆள் எடுத்துருவேன்."

"பாத்தீகளா, எடுக்கும்போது மட்டும் ஆளு. எடுத்தப்பறம் லோடு."

வேனுக்குள் சிரிப்பு. போர்மேன் கிழக்கே பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் வெடிமருந்து கலந்து முடிக்க வேண்டும்; ஏறிவிட்டால் சூட்டில் பற்றிக்கொள்ளும், தொடக்கூடாது, அன்றைய வேலை அவ்வளவுதான். அது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி தூக்குவாளியைத் திறந்து நிதானமாகச் சாப்பிடவே ஆரம்பித்தாள்.

"புதுப்பட்டி ஆளுக எல்லாரும் எறங்குங்க" என்றார் போர்மேன், தரையைப் பார்த்து.

"சத்தமா சொல்லுங்க. பின்சீட்டுக்குக் கேக்கலையாம்."

சத்தமாகச் சொன்னார். இறங்கினார்கள்.

நான் 'பெண்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் எங்கள் பத்திரிகையில் 'கும்பல்' என்று வந்தது. அதிலும் ஒரு போர்மேன் இருந்தார்.

அடுத்த சீசனில் செல்லத்தாயை மட்டும் வேண்டாமென்றது கம்பெனி. அன்றைக்குப் புதுப்பட்டியிலிருந்து வேன் காலியாகத் திரும்பியது. எல்லோரும் வெம்பக்கோட்டைப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், செல்லத்தாயையும் சேர்த்து.

பழைய கம்பெனி இப்போது இல்லை. கேட் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது. புதுப்பட்டியில் லோடு என்றால் பெட்டிகள் மட்டும்தான்.