இல்லாத வாய்க்கால்

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒரு கருத்தரங்கு நடக்கும். நான் அப்போது புவியியல் ஆய்வு மாணவி. அழகர்கோவில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் எந்தெந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பது என் ஆய்வு. அந்த அரங்கில் ஒருமுறை நானும் என் வரைபடத்தைக் காட்டிப் பேசியிருந்தேன்.

சில மாதம் கழித்து வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கிராமப் பொருளாதாரம் பற்றிப் பேச வந்தார். நடுவில் திரையில் வந்தது என் வரைபடம். நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார். என் பெயர் எங்கும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். என் கை மடியிலேயே கிடந்தது.

எனக்கு உடனே வேதியியல் துறை அண்ணன் ஒருவர்மீதுதான் சந்தேகம் போனது. யார் பேசினாலும் திரையில் வருவதையெல்லாம் செல்போனில் எடுத்துக்கொள்பவர். வேதியியல்காரருக்குக் கண்மாயில் என்ன வேலை? அன்று மாட்டுத்தாவணி பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணே, எடுக்குற போட்டோவெல்லாம் யாருக்கு அனுப்புறீங்க?”

அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். “இந்தக் காது கேக்காது தங்கச்சி. பாதிப் பேச்சு போயிரும். வீட்டுக்குப் போயி இதப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறது.”

நான் நம்பவில்லை. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். செல்போனில் தேடி, என் பேச்சின்போது எடுத்த படத்தை நீட்டினார்.

“இன்னைக்கு அவரு காட்டுனதுல ஒரு வாய்க்கா கூடுதலா இருந்துச்சு. உன்னோடதுல இல்ல, பாரு.”

இல்லைதான். இரண்டு கண்மாய்களுக்கு நடுவே வாய்க்கால் இருக்கும் என்று ஊகித்து முதலில் வரைந்திருந்தேன். நேரில் போய்ப் பார்த்தபோது அங்கே பாறைதான் இருந்தது. கருத்தரங்கில் நான் பேசுவதற்கு முன்பே அதை அழித்துவிட்டேன். அந்தப் பழைய படத்தை ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தேன். என் ஆய்வு நெறியாளருக்கு.

அந்தப் படம் வெளியூர்ப் பேராசிரியரிடம் எப்படிப் போனது என்று திங்கட்கிழமை நெறியாளரிடமே கேட்டேன். விடைத்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“அவரு நமக்கு வேண்டியவரும்மா. உன் வைவாவுக்கே அவரத்தான் கூப்பிடலாம்னு இருக்கேன். இம்புட்டுச் சின்ன விஷயத்தப் பெருசு பண்ணாத.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. உதவி செய்கிறாரா, வாயை அடைக்கிறாரா என்று புரியவில்லை. அதன்பின் அவர் என் அத்தியாயத்தைத் திருத்தித் தந்தால்கூட, எந்த வரியை எதற்காக நீக்கினார் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

வைவா வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக அந்தப் பேராசிரியரே வந்தார். நான் முதலில் பழைய வரைபடத்தைத்தான் திரையில் போட்டேன். “இந்த வாய்க்கால் தரையில் கிடையாது. என் தவறான ஊகம்,” என்று சொல்லி, பாறையின் புகைப்படத்தைக் காட்டினேன். நெறியாளர் குனிந்து எதையோ எழுதினார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

பட்டம் கிடைத்தது. பொங்கலுக்கு நெறியாளருக்கு இன்றும் போன் செய்கிறேன். “என்னம்மா, இப்ப என்ன எழுதுற?” என்று கேட்பார். என் எதிரே பாதி எழுதிய கட்டுரை திறந்திருக்கும்.

“ஒண்ணும் இல்ல சார், சும்மாதான் இருக்கேன்” என்பேன்.